நுரைத்திணை விளக்கம்

பாயிரம்

நூலின் பெயர் மேலே இருக்கிறது. எல்லை, வடக்கே ஜெர்மனி, தெற்கே ஸ்பெயின், கிழக்கே ரஷ்யா, மேற்கே அட்லாண்டிக் கடல். எடுத்துக்கொண்ட பொருள், டிசம்பர் 24 மாலை தொடங்கி ஜனவரி 1 விடியும்வரை இவ்வெல்லைக்குள் விருந்து மேசைகளில் திறக்கப்படும் நுரைக்கும் ஒயினும், அதைத் திறப்போர், ஊற்றுவோர், ஏந்துவோர், ஏந்தமாட்டேன் என்போர் ஆகியோரும். இது முதல்நூலும் அல்ல, வழிநூலும் அல்ல. பிறர் வீட்டு விருந்துகளில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துத் தொகுத்தது. கேட்போர் மூவகையர்: குடிப்பவர், குடிக்காதவர், குடிப்பதில்லை என்று வீட்டில் சொல்லிவைத்திருப்பவர். பயன், அடுத்த பண்டிகைக்காவது யாரேனும் பாட்டிலைச் சில மணிநேரம் முன்னதாகத் திறப்பார்கள் என்ற நப்பாசை.

அந்தச் சில மணிநேரத்துக்காகவா இவ்வளவு பெரிய நூல் என்று கேட்கலாம். அதற்காகத்தான். நுரைமது பசிக்கு முன்னால் வரவேண்டிய பானம். ஐரோப்பிய வழக்கம் அதைப் பசி செத்த பிறகு கொண்டுவந்து வைக்கிறது. இந்த ஒரு பிழையை நிறுவுவதற்கே பின்வரும் பாகுபாடுகள் எல்லாம்.

முதல், கரு, உரி

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பதைத் தமிழ்ப் பாடம் படித்த எவரும் மறந்திருக்க மாட்டார். தேர்வில் அதற்கு எப்படியும் இரண்டு மதிப்பெண் உண்டு. நுரைமதுவைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதிக் குவித்திருக்கும் பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் மண், திராட்சை, விளைந்த ஆண்டு என்று முதலையும் கருவையும் நுணுக்கமாகப் பிரித்தார்கள். உரிப்பொருளை, அதாவது அந்த மதுவுக்கென்றே உரிய மனநிலையை, விட்டுவிட்டார்கள். அந்தக் குறையை இங்கே நிறைவு செய்கிறோம்.

குறிஞ்சி. நிலம், வெனிஸ் நகருக்கு வடக்கே கொனெலியானோ, வால்டோபியாடெனே ஆகிய ஊர்களுக்கிடையே உள்ள செங்குத்தான குன்றுகள். யுனெஸ்கோ 2019-இல் இவற்றை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. மது, ப்ரொசெக்கோ. திராட்சை, க்ளேரா. சமவெளியிலும் இது ஏராளமாக விளைகிறது. இலக்கணத்தின் பொருட்டுக் குன்றை மட்டும் கொள்க. சர்க்கரையை ஈஸ்ட் தின்று குமிழியை உண்டாக்கும் அந்த இரண்டாவது நொதிப்பு இங்கே பாட்டிலுக்குள் நடப்பதில்லை. மூடிய எஃகுத் தொட்டியில் மொத்தமாக நடக்கிறது. வேலை சீக்கிரம் முடிகிறது, விலையும் குறைவு. உரிப்பொருள் புணர்தல், ஏனெனில் இது யாரோடும் சேரும். பீச் பழக்கூழோடு சேர்ந்தால் பெல்லினி, அப்பெரோலோடு சேர்ந்தால் ஸ்பிரிட்ஸ். தனியாக இருக்கும் ப்ரொசெக்கோவைக் காண்பது அரிது.

முல்லை. நிலம், பார்சிலோனாவை அடுத்த பெனெதேஸ். அதன் தலையூர் சான் சதுர்னி. அங்கே கொதோர்னியு குடும்பத்து ஜோசப் ரவென்தோஸ் 1872-இல் ஷாம்பெய்ன் முறையில் பாட்டிலுக்குள்ளேயே நுரையேற்றிக் காட்டினார். மது, காவா. உரிப்பொருள் இருத்தல். மது குறைந்தது 9 மாதம் வண்டலோடு காத்திருக்கிறது. குடிப்பவர்கள் டிசம்பர் 31 இரவு காத்திருக்கிறார்கள். மாட்ரிட்டின் புவெர்தா தெல் சோல் மணிக்கூண்டைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி, ஆளுக்கு 12 திராட்சையைக் கையில் வைத்துக்கொண்டு, நாடே இருக்கிறது. மணி ஒன்றுக்கு ஒரு பழம். பன்னிரண்டாவது அடி ஓய்வதற்குள் பன்னிரண்டும் உள்ளே போயிருக்க வேண்டும். கன்னம் இரண்டும் புடைத்து, தோலும் விதையும் தொண்டையில் நிற்க, அப்போதுதான் காவா ஊற்றப்படுகிறது. அந்த நொடியில் அதற்குச் சுவை என்று ஒன்று தேவையில்லை. வழியைத் திறந்துவிட்டால் போதும். சிலர் கோப்பைக்குள் பொன்மோதிரத்தைப் போட்டுவைப்பார்கள். அதை விழுங்காமல் இருத்தலும் முல்லைக்குள் அடங்கும்.

மருதம். நிலம், பாரிசுக்குக் கிழக்கே ரெய்ம்ஸ், எப்பெர்னே நகரங்களைச் சூழ்ந்த சுண்ணாம்புப் பூமி. மது, ஷாம்பெய்ன். திராட்சை, பெரும்பாலும் பினோ நுவார், மெனியே, ஷார்தொனே என மூன்று. உரிப்பொருள் ஊடல். இவ்வளவு ஊடிய மது உலகில் இன்னொன்று இல்லை. தன் பெயரை வேறெவரும் சூடக்கூடாது என்று 1891 மாட்ரிட் ஒப்பந்தத்தில் ஊடியது. 1919-இல் முதல் உலகப்போரை முடித்துவைத்த வெர்சாய் உடன்படிக்கைக்குள்ளும் நுழைந்து ஊடியது. அமெரிக்கா அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. அதைச் சாக்காக வைத்துக் கலிபோர்னியாக்காரர்கள் பல்லாண்டுகள் தங்கள் பாட்டிலிலும் அதே பெயரை ஒட்டிக்கொண்டார்கள். வெளியாரோடு மட்டுமா? எந்தெந்த ஊர் ஷாம்பெய்ன் எல்லைக்குள், எது வெளியே என்று 1911-இல் உள்ளூரிலேயே கலவரம் மூண்டு, ஐ என்ற சிற்றூரில் வணிகர் மாளிகைகள் எரிந்தன.

யார் கண்டுபிடித்தது என்பதிலும் ஊடல்தான். ஓவில்லே மடத்தில் 1668 முதல் சரக்கறைப் பொறுப்பில் இருந்த தோம் பெரினியோன் என்ற துறவிக்கு எப்பெர்னேயில் சிலை வைத்திருக்கிறார்கள். அவரோ ஒயினில் குமிழி வருவதைக் குற்றமாகக் கருதி அதைத் தடுக்கப் பாடுபட்டவர். அவர் மடத்துப் பொறுப்பை ஏற்பதற்கு 6 ஆண்டு முன்பே, 1662-இல், லண்டன் ராயல் சொசைட்டியில் கிறிஸ்டோபர் மெரெட் என்பவர், ஒயினில் சர்க்கரையும் வெல்லப்பாகும் சேர்த்து அதைத் துள்ளவைக்கும் ஆங்கிலேய வணிகர் வழக்கத்தை எழுதிப் படித்துவிட்டார். ஆக, ஒழிக்க நினைத்தவருக்குச் சிலை, எழுதிவைத்தவருக்குக் காகிதம். உண்மையில் கும்பிட வேண்டியது பார்ப் நிக்கோல் போன்சார்தனை. 1805-இல், 27 வயதில் கணவரை இழந்து, க்ளிக்கோ நிறுவனத்தைத் தானே ஏற்று நடத்தினார். பலகையில் துளையிட்டுப் பாட்டில்களைத் தலைகீழாகச் செருகி, சிறுகச் சிறுகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்கு இறக்கும் முறை அவருடைய நிலவறையில் உருவானது. அதற்கு முன் ஷாம்பெய்ன் கலங்கலாகவே கோப்பைக்கு வந்துகொண்டிருந்தது.

மருதத்தில் திணைமயக்கம் ஒன்று உண்டு. அல்சாஸ், பர்கண்டி, லுவார் முதலிய பகுதிகளில் அதே முறையில் செய்து, வேறு பெயரில், பாதிக்கும் குறைந்த விலையில் விற்கும் கிரெமான். கணக்குப் பார்க்கும் பிரெஞ்சுக் குடும்பத் தலைவர் இதை வாங்கிவந்து, குளிர்நீர் சொட்டாமலிருக்கச் சுற்றுவதுபோல் வெள்ளைத் துணியை லேபிளுக்கு மேலே சுற்றிக்கொண்டு ஊற்றுவார். விருந்தினரில் எவரும் துணியை விலக்கிப் பார்ப்பதில்லை. இது நாகரிகம்.

நெய்தல். கடலும் இரங்கலும் இதற்கு உரியவை. மது, ஜெர்மனியின் செக்ட். திராட்சை கடலோரத்தில் விளைவதில்லையே என்று தடை எழுப்பலாம். விடை: 1902-இல் கைசர் வில்ஹெல்ம் தன் போர்க்கப்பற்படைக்குப் பணம் திரட்டுவதற்காகச் செக்ட் பாட்டில்மேல் வரி போட்டார். 1919 ஜூன் 21 அன்று அந்தக் கப்பற்படை ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ துறைமுகத்தில் தன் மாலுமிகளாலேயே மூழ்கடிக்கப்பட்டது. வரி மூழ்கவில்லை. 1933-இல் நீக்கினார்கள், 1939-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போதும் முக்கால் லிட்டர் பாட்டிலுக்கு 1.02 யூரோ. புத்தாண்டு இரவில் ஒவ்வொரு ஜெர்மன் வீடும், கடலடியில் கிடக்கும் கப்பல்களுக்காக ஒரு யூரோ இரங்கிவிட்டே கோப்பையைத் தூக்குகிறது.

பாலை. பனியும் ஒரு வறட்சியே என்று கொண்டு, ரஷ்யாவை இங்கே அடக்குகிறோம். மது, சோவியத் ஷாம்பெய்ன். தொழிலாளர் மேசைக்கும் இது வரவேண்டும் என்று 1936-இல் அரசு ஆணை பிறந்தது. அந்தோன் ஃப்ரோலவ்-பக்ரேயெவ் என்ற வல்லுநர் தொட்டியில் விரைந்து செய்யும் வழியை அமைத்துத் தந்தார். உரிப்பொருள் பிரிதல். பழைய ஆண்டைப் பிரியும் அந்த நேரத்தில், கிரெம்ளின் மணி பன்னிரண்டு அடிப்பதற்குள், ஆசையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, எரித்து, சாம்பலைக் கோப்பைக்குள் தட்டி, முழுவதையும் குடித்துவிட வேண்டும். மேசையில் மயொனேஸ் கொட்டிய ஒலிவியே சாலடும் மாண்டரின் ஆரஞ்சும் இருக்கும். பேனா எழுதாது, தீக்குச்சி பற்றாது, காகிதம் பாதி எரிந்து உதட்டில் ஒட்டும். எழுதத் தெரிந்த எவருக்கும் சின்ன ஆசை நல்லது என்பதை இச்சடங்கு கற்றுக்கொடுத்துவிடும். 2021-இல் ரஷ்யச் சட்டம் ஒன்று, ஷாம்பெய்ன் என்ற பெயரை ரஷ்ய எழுத்தில் உள்நாட்டுச் சரக்குக்கு மட்டும் என்று ஒதுக்கி, பிரான்சிலிருந்து வருவதை வெறும் நுரைக்கும் ஒயின் என்று எழுதச் சொன்னது. தன் பெயரிலிருந்தே பிரிக்கப்பட்ட மருதம் சில நாள் சரக்கு அனுப்பாமல் முறுக்கிக்கொண்டு நின்றது. பிறகு புது லேபிள் ஒட்டி அனுப்பியது. பாலையில் ஊடல் செல்லாது.

கைக்கிளை, ஒருதலைக் காமம். பிரான்சில் பிள்ளைகளுக்கென்று ஷாம்பொமி என்ற நுரைக்கும் ஆப்பிள் சாறு விற்கிறார்கள். தங்கக் காகிதம் சுற்றிய கழுத்தும், பெரியவர்கள் பாட்டிலின் வடிவமும் அதற்கு உண்டு. பிள்ளை பெரியவர் மதுவை ஏக்கத்தோடு பார்க்கிறது. பெரியவர் மது பிள்ளையைப் பார்ப்பதில்லை. வண்டியோட்டி வீடு திரும்ப வேண்டியவரும் இத்திணையே. பிரெஞ்சு அரசின் விளம்பரங்கள் இவருக்குச் சாம் என்று பெயரே வைத்திருக்கின்றன. விருந்து முழுவதும் மற்றவர்கள் பேசியதை மறுநாள் நினைவில் வைத்திருக்கப்போகும் ஒரே ஆள் என்பதால் சாமிடம் கவனமாகப் பேசவும்.

பெருந்திணை, பொருந்தாக் காமம். சாதாரண ஒயினில் சோடாவைப்போல வாயுவை அழுத்தி ஏற்றி விற்பது. குமிழி பெரிதாக வரும், சத்தம் போடும், இரண்டு நிமிடத்தில் ஓடிவிடும். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதுவது நூலுக்கு இழுக்கு.

பொழுது

பெரும்பொழுது முன்பனி, இதில் வழக்கில்லை, மார்கழி எங்கும் மார்கழிதான். வழக்கெல்லாம் சிறுபொழுதில். மாலையா, யாமமா?

பிரெஞ்சுக் கிறிஸ்துமஸ் இரவு விருந்தின் ஒழுங்கைப் பார்ப்போம். முதலில் பனிக்கட்டிமேல் திறந்துவைத்த சிப்பிகள். பிறகு வாத்து ஈரலான ஃபுவா க்ரா, புகையூட்டிய சால்மன் மீன். அடுத்து, கஷ்கொட்டை அடைத்த வான்கோழி அல்லது கொழுத்த சேவல். பிறகு பாலாடைக்கட்டித் தட்டு. கடைசியில், விறகுக்கட்டை வடிவில் சுருட்டி வெண்ணெய்க் கிரீமும் சாக்லேட்டும் பூசிய பூஷ் கேக். இவ்வளவும் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்து, பெல்ட்டில் ஒரு துளை தளர்த்தப்பட்ட பிறகு, பல வீடுகளில் அப்போதுதான் ஷாம்பெய்ன் சமையலறையிலிருந்து ஊர்வலமாக வருகிறது.

இது முட்டாள்தனமாகத் தொடங்கிய வழக்கமல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஷாம்பெய்ன் என்பது பாகு. வண்டலை நீக்கியபின் பாட்டிலை நிரப்பும் கரைசலில் சர்க்கரையைக் கொட்டினார்கள்; ரஷ்யப் பிரபுக்களுக்குப் போன சரக்கில் லிட்டருக்கு 200 கிராமுக்கும் மேலே இருந்தது. இன்றைய கோலாவைப்போல் இரு மடங்கு என்று கொள்க. அதைக் கேக்கோடு கொடுத்ததில் முழு நியாயம் இருந்தது. ஆங்கிலேயர்கள் மட்டும் இனிப்பு குறைவாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ரெய்ம்ஸ் நகரத்து மதாம் பொம்மெரி, அவரும் கணவரை இழந்தபின் தொழிலை ஏற்றவர், 1874-ஆம் ஆண்டு விளைச்சலில் இனிப்பைக் குறைத்து விட்டுப்பார்த்தார். லண்டனில் எடுபட்டது. அங்கிருந்து பாகு வற்றத் தொடங்கியது. இன்று கடையில் கிடைப்பதில் ஆகப் பெரும்பான்மை ப்ரூட். சட்டப்படி அதில் லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல் சர்க்கரை கூடாது. மது மாறிவிட்டது. பரிமாறும் நேரம் மட்டும் பாகுக் காலத்திலேயே நின்றுவிட்டது.

விளைவை நாக்கே சொல்லும். சாக்லேட் கிரீமை விழுங்கிவிட்டு அதே வாயில் ப்ரூட்டைக் குடித்தால், கேக்கின் இனிப்பு மதுவிலிருந்த கொஞ்சநஞ்ச இனிப்பையும் மறைத்துவிட்டுப் புளிப்பை மட்டும் மிச்சம் வைக்கிறது. 40 யூரோ கொடுத்து வாங்கிய பாட்டில் எலுமிச்சைத் தண்ணீராகிவிடுகிறது. மேசையைச் சுற்றி எல்லோரும் ஒரு கணம் முகத்தைச் சுருக்கி, பிறகு அருமை என்கிறார்கள். கேக்கோடு தந்தே ஆகவேண்டும் என்பவர்கள் டெமி-செக் வாங்கட்டும், 32 முதல் 50 கிராம். ஆனால் எக்ஸ்ட்ரா ட்ரை என்று எழுதியிருப்பது ப்ரூட்டைவிட இனிப்புக் கூடியது என்பதை அறிக. 12 முதல் 17 கிராம். இந்தப் படிநிலையைப் பாகுக் காலத்து நாக்குகள் அமைத்தன. அவர்களுக்கு 17 கிராம் என்பது வறட்சிதான்.

ஆகவே எமது துணிபு: மாலை. விருந்தினர் கோட்டைக் கழற்றி மாட்டும்போதே கோப்பை கைக்கு வரவேண்டும். அந்த நேரத்தில் நாக்கு சுத்தமாகவும் வயிறு காலியாகவும் பேச்சு தடுமாற்றமாகவும் இருக்கும். மூன்றுக்கும் மருந்து இதுவே. உடன் உப்போ எண்ணெயோ உள்ள ஏதாவது. சிப்பி உத்தமம். பழுத்த கொம்தே பாலாடைக்கட்டி மத்திமம். உருளைக்கிழங்கு சிப்ஸ் அதமம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அது உத்தமத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. புளிப்பும் குமிழியும் எண்ணெய்ப் பிசுக்கை நாக்கிலிருந்து கழுவிவிட, அடுத்த வாய்க்கு இடம் உண்டாகிறது. புதுச்சேரியிலிருந்து பாரிஸ் புறநகரில் குடியேறிய குடும்பங்கள் இந்த உண்மையைத் தாமாகவே கண்டடைந்திருக்கின்றன. லா ஷப்பெல் கடைத்தெருவில் உளுந்து வாங்கி, வீட்டில் ஆட்டி, வாசல் மணி அடிக்கும்போது எண்ணெயிலிருந்து எடுத்த மெதுவடையும் ஒரு கோப்பை ப்ரூட்டும் ஃபுவா க்ராவைத் தலைகுனிய வைக்கும். ஃபுவா க்ராவோடு ஷாம்பெய்ன் சேராது என்று யாம் சொல்லவில்லை. வடையோடு சேருமளவு சேராது என்கிறோம்.

கடா: நள்ளிரவு வாழ்த்துக்கு என்ன செய்வது? விடை: ஒரு பாட்டிலை ஒதுக்கிவை. நள்ளிரவில் குடிப்பது மதுவையல்ல, கடிகாரத்தை. அதற்கு விலை உயர்ந்தது வேண்டாம்.

திறப்போர்

பாட்டிலுக்குள் இருப்பது ஆறு வளிமண்டல அழுத்தம். கார் டயரில் உள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதை ஒரு தக்கையும் ஒரு கம்பிக்கூடும் பிடித்துவைத்திருக்கின்றன. அந்தக் கம்பிக்கூட்டுக்கு 1844-இல் காப்புரிமை வாங்கியவர் அடோல்ஃப் ஜாக்கெசோன். அதற்கு முன் கயிறுதான் கட்டினார்கள். நிலவறைக்குள் ஒரு பாட்டில் வெடித்தால் பக்கத்துப் பாட்டில்களையும் சேர்த்து வெடிக்கவைக்கும் என்பதால், தொழிலாளர்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். விருந்தில் யாரும் முகமூடி போடுவதில்லை. இந்தத் துணிச்சலின் அடிப்படையில் திறப்போர் நான்கு வகைப்படுவர்.

வெடியர், தக்கையை விட்டத்துக்கு அனுப்புவோர். குலுக்கியும் அனுப்புவர். தக்கை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படும். கண் மருத்துவர்களுக்கு ஆண்டிறுதி வருமானம் இவர்களால். வெடியர் பாட்டிலைச் சரியாகக் குளிரவைத்தவரா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்தக் குமிழிகளையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேரும் அவர் குழுவும் அதிவேகக் கேமராவில் பார்த்தபோது, குளிர்ந்த பாட்டிலின் வாயில் சாம்பல்வெள்ளைப் புகை தோன்றியது; 20 டிகிரியில் திறந்த பாட்டிலில் வெளியேறும் கரியமில வாயுவின் ஒரு பகுதியே உறைந்து நீலப் புகையாகத் தெரிந்தது. நீலம் தெரிந்தால் வீட்டுக்காரர் பாட்டிலைப் பனிவாளியில் வைக்க மறந்துவிட்டார் என்று பொருள். பாதி பனிக்கட்டி, பாதி தண்ணீர், அரைமணி நேரம். வெறும் பனிக்கட்டி போதாது, தண்ணீர் இருந்தால்தான் குளிர் பாட்டிலைச் சுற்றிலும் தொடும்.

வாளர், பாட்டிலின் தோளிலிருந்து உதடுவரை வாளை உராயவிட்டுக் கழுத்தையே பெயர்த்தெடுப்போர். நெப்போலியனின் குதிரைவீரர்கள் இதைச் செய்தார்கள் என்பது வாளர் சொல்லும் கதை. இதில் வாளின் கூர்மைக்கு வேலையே இல்லை. பாட்டிலின் பக்கவாட்டு இணைப்புக் கோடு உதட்டைச் சந்திக்கும் இடம் பலவீனமானது. மழுங்கிய விளிம்பால் அங்கே தட்டினால் உள்ளழுத்தமே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆகையால் வாள் வீரத்தின் அடையாளம் என்பது பொருந்தாது. சமையலறையிலிருந்து கத்தியின் முதுகை எடுத்துவந்தாலும் நடக்கும், ஆனால் யாரும் படம் எடுக்கமாட்டார்கள்.

ஆலோசகர் மூன்றாம் வகையர். தாம் திறக்கமாட்டார், திறப்பவர் தோளருகே நிற்பார். நான்காமவர் அமைதியர். இவர் ஒருவரே இலக்கணம் அறிந்தவர் என்பதால் இவர் கையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

என் சித்தப்பா அமைதியர் மரபு. பாட்டிலை மேசையில் வைக்காமல் இடுப்போடு அணைத்துக்கொள்வார். காகிதத்தைக் கிழித்தபின் இடது கட்டைவிரல் தக்கையின் தலையில் போய் உட்காரும், அதன்பிறகு எழுந்திருக்காது. கம்பியின் காதை வலது கையால் திருப்புவார், ஆறு அரைச்சுற்று. எல்லாப் பாட்டிலிலும் ஆறுதான். கம்பி தளர்ந்தாலும் கழற்றமாட்டார், தக்கையோடு சேர்த்தே பிடிப்பார், வழுக்காது. பாட்டிலைச் சாய்ப்பார். பிறகு, தக்கையைத் திருகாமல் பாட்டிலின் அடியைத் திருப்புவார். தக்கை தானாக ஏறிவரும். இப்போது அவர் வேலை அதை வெளியே இழுப்பதல்ல, உள்ளே தள்ளுவது. சித்தி பின்னால் துண்டோடு நின்று, "பாத்துங்க, மேலே லைட்டு இருக்குதுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள், யாரோ ஒருவர் மெல்லப் பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான். பிள்ளைகள் முகம் வாடும். "என்ன சித்தப்பா, வெடிக்கவே இல்ல?" என்று நானும் ஒருமுறை கேட்டேன். "வெடி வேணும்னா தீபாவளிக்கு வா" என்றார்.

கலம்

சுருக்கமாக. அகலக் கிண்ணமான கூப் பிரெஞ்சு அரசி மரீ அந்துவானெத்தின் மார்பை அச்செடுத்துச் செய்தது என்பார்கள், பொய். வாயு சீக்கிரம் பறந்துபோகும், நடந்தால் தளும்பும். ஆனால் கோபுரமாக அடுக்கி மேலிருந்து ஊற்றி வழியவிட வேறு கலம் உதவாது. ஒடுங்கிய ஃப்ளூட் குமிழியைக் காப்பாற்றும், மணத்தை அடைத்துவைக்கும், மூக்கு நீண்டவர்களைச் சோதிக்கும். நடுவே புடைத்து மேலே ஒடுங்கும் துலிப் வடிவமே தகுந்தது. அதுவும் இல்லையேல் வெள்ளை ஒயின் கோப்பையே போதும். பிளாஸ்டிக்கில் குடிப்பவரைப் பற்றிப் பெருந்திணையில் காண்க.

குமிழி எங்கிருந்து எழுகிறது என்பது அறியத்தக்கது. கோப்பையைத் துடைத்த துணியிலிருந்தும் காற்றிலிருந்தும் ஒட்டிய நுண்ணிய நாரிழைகளுக்குள் சிக்கிய காற்றிலிருந்துதான் ஒவ்வொரு குமிழிச்சரமும் கிளம்புகிறது. மாசு மருவற்ற வழவழப்பான கண்ணாடியில் ஷாம்பெய்ன் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். கோப்பையைப் பளபளவென்று கழுவி, அலசி, மீண்டும் கழுவும் மாமியார்கள் இதைப் படிக்க நேர்ந்தால் அருள்கூர்ந்து துணியால் ஒருமுறை துடைக்கவும்.

ஊற்றுவோரும் அளவும்

முக்கால் லிட்டர் பாட்டிலில் 125 மில்லிலிட்டர் கோப்பை ஆறு. இதில் மாற்றமில்லை, மாறுவது விருந்தினர் எண்ணிக்கை. பன்னிருவருக்கு ஒரே பாட்டில் வாங்கியவர் குற்றியலுகரமாக ஊற்றுவார், அரை மாத்திரை. நுரையைக் கொண்டு கோப்பையை நிறைத்துக் காட்டி அடுத்தவரிடம் நகர்ந்துவிடுவதும் இவர் கலை. நேராக நிமிர்ந்த கோப்பையில் உயரத்திலிருந்து ஊற்றினால் வாயு வீணாகிறது. பீர் ஊற்றுவதுபோல் கோப்பையைச் சாய்த்து விளிம்போரமாக விட்டால் கணிசமாக மிஞ்சுகிறது என்று அதே ரெய்ம்ஸ் குழு 2010-இல் அளந்து காட்டியது. ஆனாலும் உணவகப் பரிசாரகர்கள் கோப்பையைத் தொடமாட்டார்கள். ஷாம்பெய்ன் பீரைப்போல் நடத்தப்படுவதை அவர்களால் தாங்க முடியாது.

பெருங்கூட்டம் என்றால் பெரும்பாட்டில். இங்கே வேதாகமத்தைத் திறந்துவைத்துக்கொள்க. ஒன்றரை லிட்டர் மாக்னம், அதற்கு மேல் பெரும்பாலும் பழைய ஏற்பாடு: 3 லிட்டர் யெரொபெயாம், 6 லிட்டர் மெத்தூசலா, 9 லிட்டர் சல்மனாசார், 15 லிட்டர் நேபுகாத்நேச்சார். 969 ஆண்டு வாழ்ந்தவர் பெயர் எட்டுப் பாட்டில் அளவுக்கு. மாட்டைப்போல் புல் தின்ற ராஜாவின் பெயர் இருபது பாட்டில் அளவுக்கு. மறுநாள் காலை நிலையைக் கருதி வைத்த பெயர்களாக இருக்கவேண்டும். மாக்னம் மட்டுமே உண்மையில் பயனுள்ளது. நேபுகாத்நேச்சாரைத் தூக்க இருவர் வேண்டும். இருவரும் ஆலோசகர்களாக அமைந்துவிட்டால் விருந்து கெட்டது.

ஊற்றுவோரில் தலைசிறந்தவர் ஒரு நாடகப் பாத்திரம். ஜெர்மனியின் என்டிஆர் தொலைக்காட்சி 1963-இல் ஆங்கிலத்தில் பதிவுசெய்த ‘டின்னர் ஃபார் ஒன்’ என்ற குறுநாடகம் அந்நாட்டில் ஒவ்வொரு டிசம்பர் 31-உம் ஒளிபரப்பாகிறது. 90 வயது மிஸ் சோஃபி தன் பிறந்தநாளுக்கு நான்கு நண்பர்களை அழைக்கிறாள். நால்வரும் இறந்து பல்லாண்டாயிற்று. வேலைக்காரர் ஜேம்ஸ் நான்கு காலி நாற்காலிகளுக்கும் ஊற்றி, நால்வருக்காகவும் தானே குடித்து, தரையில் கிடக்கும் புலித்தலையில் திரும்பத் திரும்பத் தடுக்கிவிழுகிறார். முதலில் நம் மிளகுத்தண்ணீர் சூப்போடு ஷெர்ரி, மீனோடு வெள்ளை ஒயின், கோழியோடு ஷாம்பெய்ன், கடைசியில் பழத்தோடு போர்ட். கவனிக்க: ஷாம்பெய்ன் இனிப்புக்கு முன்னால், உப்புப் பண்டத்தோடு, பசி இருக்கும்போதே வருகிறது. இந்நூல் எல்லைக்குள் நுரைமது முறைப்படி பரிமாறப்படுவதாக எல்லோரும் ஒருமிக்கக் காணும் விருந்து, நான்கு பேர் இறந்துபோன இந்த விருந்துதான்.

ஒழிபு

கோப்பையை மோதும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும், இன்னொருவர் கைக்குக் குறுக்கே நீட்டக்கூடாது என்பது பிரெஞ்சு வழக்கு. மீறினால் ஏழாண்டுக்குக் கட்டில் சுகம் கெடும் என்பார்கள். பன்னிருவர் மேசையில் ஒவ்வொருவரும் மற்றவர் ஒவ்வொருவரோடும் மோதினால் 66 மோதல். முடிவதற்குள் குமிழியில் பாதி போய்விடும். மேசையையே ஆறு பேரோடு நிறுத்திக்கொண்டால் 15.

தக்கையின் தலையிலுள்ள தகரத் தகட்டைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். பாட்டில் திறக்கும் முன்பே தகட்டைக் கேட்டு வைப்பார்கள். கொடுத்துவிடவும், வாக்குவாதம் வேண்டாம்.

மீந்த பாட்டிலின் கழுத்தில் வெள்ளிக் கரண்டியைச் செருகினால் குமிழி போகாது என்று பிரான்சில் பாட்டிகள் எல்லோரும் சொல்கிறார்கள். அளந்து பார்த்தவர்கள் கரண்டி செருகியதற்கும் திறந்தே விட்டதற்கும் வேறுபாடு காணவில்லை. மறுநாளும் சற்று நுரை இருப்பது உண்மை. அது குளிர்பெட்டியின் குளிரால். கழுத்தைக் கவ்வும் அழுத்தமூடி ஒன்று சில யூரோவுக்குக் கிடைக்கிறது.

கடா: மாலையில் திறந்தால் நள்ளிரவுக்குள் தீர்ந்துவிடுமே? விடை: ஆம்.